நின்ற விமானமும் நிற்காத ஜெனரேட்டரும்

பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதற்காக லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்து கிளம்புவது ஏ.டி.ஆர். என்கிற சின்ன விமானம், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி. பின்பக்கப் படியில் ஏறும்போது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். இரண்டு விசிறியும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் அந்தப் பக்கத்து எஞ்சின் மட்டும் சீறிக்கொண்டிருக்கிறது. விசிறி சுற்றாமல் எஞ்சின் ஓடுமா?

பெங்களூரில் இறங்கியதும் பாரிசில் இருக்கும் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். 79 வயது. ஓர்லி விமான நிலையத்தில் 32 வருஷம் தரைப்பணி பார்த்தவர். அவரிடம் பேசும்போது நானும் கத்த வேண்டும், அவரும் கத்துவார். பக்கத்தில் இருப்பவர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அது மோத் ஓத்தெல், மச்சான்!" என்று கத்தினார். "பெரிய விமானத்துக்கு வால்ல ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். ஏ.டி.ஆருக்கு அது கிடையாது. அதனால வலது பக்கத்து விசிறிய பிரேக் போட்டுப் பிடிச்சுக்கிட்டு எஞ்சின மட்டும் ஓட்டுவான். லைட்டு வேணும், காத்து வேணும். நிக்கிற விமானம் ஓட்டல் மாதிரி இருக்கணும்ல!"

நாங்கள் இரண்டு பேரும் பாண்டியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள்தான். அவர் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டார். 1962-ல் அவர் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தது, எங்கள் அப்பா எடுக்கவில்லை. அதனால் அவர் ஓர்லிக்குப் போனார். நான் அரசாங்கக் குமாஸ்தா ஆனேன்.

1976-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் ஒப்படைத்தது ஒரு ஜெனரேட்டர் வண்டி. பிரெஞ்சில் அதை 'குரூப்' என்பார்கள். விமானம் வந்து நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும், வண்டியை மூக்கருகே கொண்டுபோய், மணிக்கட்டுக் கனத்துக்கு இருக்கும் கேபிளை இழுத்து வயிற்றில் செருக வேண்டும். பிறகு டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பயணிகள் இறங்கி, பெட்டிகள் இறங்கி, துப்புரவு முடிந்து, அடுத்த கூட்டம் ஏறி முடியும்வரை அவருக்கு அதன் பக்கத்தில்தான் வேலை. அது முடிந்தால் அடுத்த விமானம்.

நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். (மாமா பிரெஞ்சுக்காரர் மாதிரி 'எர்ட்ஸ்' என்பார்.) விமானத்துக்குத் தேவை 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். ஏன் இந்த வித்தியாசம்? அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் சின்னதாக, எடை குறைவாக இருக்கலாம். பறக்கிற பொருளில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. எனவே ஊர் மின்சாரத்தை நேராகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. இடையில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். இப்போது பயணிகள் ஏறும் பாலத்தின் அடியிலேயே அந்தப் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கேபிளைச் செருகினால் போதும்.

இவ்வளவு சுலபம் என்றால் டீசல் ஏன் இத்தனை வருஷம் ஓடியது? என் ஆபீசிலும் ஒரு ஜெனரேட்டர் உண்டு. அதன் லாக் புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது. ஓடிய மணி, ஊற்றிய லிட்டர், கையெழுத்து. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டீசல் வண்டி வாங்க ஒரே ஒரு பில் போதும். ஊர் மின்சாரம் என்றால் தரையைத் தோண்டிக் கேபிள் போட வேண்டும், துணை மின்நிலையத்தைப் பெரிதாக்க வேண்டும், மாற்றிப் பெட்டி வாங்க வேண்டும். விமானம் ஒருவருடையது, தரைப்பணி இன்னொருவருடையது, நிலையம் மூன்றாமவருடையது. செலவு ஒருவருக்கு, லாபம் வேறொருவருக்கு என்றால் கோப்பு நகராது.

இன்னொரு விஷயமும் உண்டு. மின்சாரம் மட்டும் கொடுத்தால் போதாது, குளிர்ந்த காற்றும் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பாலத்திலிருந்து ஒரு தடித்த குழாய் வருகிறது. காற்று வராவிட்டால் வெயில் நாளில் விமானி வாலில் இருக்கும் குட்டி எஞ்சினைப் போட்டுவிடுவார். ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்தில் அது மணிக்கு 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். அப்புறம் கேபிள் போட்டு என்ன பயன்?

2012-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று திட்டவட்டமாக வகைப்படுத்தியது. அதே வருஷம், பாரிஸ் விமான நிலையங்களில் நிலையான மின் வசதி இருக்கும் இடத்தில் அந்தக் குட்டி எஞ்சினைச் சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணை போட்டது. மாமா அதற்கு நாலு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

2023-ல் ஐரோப்பிய ஒன்றியமே சட்டம் கொண்டுவந்தது. அதைப் பிரெஞ்சில் தேடி எடுத்துப் படித்தேன். எந்த ஆணையைப் படித்தாலும் முதலில் தேதியையும் விதிவிலக்கையும் பார்ப்பது என் தொழில் பழக்கம். முக்கிய விமான நிலையங்களில் பாலத்தருகே நிற்கும் விமானங்களுக்கு 2024 டிசம்பர் 31-க்குள் மின்சாரம் தர வேண்டும். தள்ளி நிற்பவற்றுக்கு 2029 டிசம்பர் 31. வருஷத்துக்கு 10,000 வணிக விமானப் போக்குவரத்துக்குக் குறைவான நிலையங்களுக்கு இந்த இரண்டாவதிலிருந்து விலக்கு அளிக்கலாம். அதோடு, 2030 தொடக்கத்துக்குள் அந்த மின்சாரம் பொதுக் கட்டமைப்பிலிருந்து வர வேண்டும், அல்லது நிலத்தடி எரிபொருள் இல்லாமல் அங்கேயே உற்பத்தி செய்ததாக இருக்க வேண்டும். இதை எழுதியவர் நல்ல குமாஸ்தா என்று சிரித்துக்கொண்டேன். இந்த வரி இல்லையென்றால் யாராவது கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் டீசல் ஜெனரேட்டரை வைத்து ஒயர் இழுத்து, 'மின்சாரம் கொடுத்தாயிற்று' என்று எழுதிவிடுவார்கள்.

நம் ஊரிலும் பெரிய நிலையங்களில் பாலத்துக்கு மின்சாரம் வந்திருக்கிறது. கொச்சி நிலையம் 2015-லேயே சூரிய மின்சாரத்துக்கு மாறியது. 'நமக்கு வரும் கரண்ட்டே நெய்வேலி நிலக்கரிதானே, புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். பிரான்சில் பெரும்பகுதி அணு மின்சாரம், நமக்கு அப்படி இல்லை. ஆனாலும் நெய்வேலிப் புகைபோக்கி வானத்தில் இருக்கிறது. மாமாவின் ஜெனரேட்டர் அவர் காதுக்கும் மூக்குக்கும் மூன்றடியில் இருந்தது.

இனி, இதுவரை இங்கே எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2008 ஏப்ரலில் மாமா ஓய்வு பெற்றார். அந்த டிசம்பரில் பாண்டிக்கு வந்தபோது ஒரு காகித உறையைக் கொடுத்தார். கூட வேலை பார்த்தவர் கொடுத்ததாம். "மச்சான், காதுக்கு ஏதோ நஷ்டஈடு உண்டாம். நீ ஆபீஸ் ஆளு, படிச்சுச் சொல்லு" என்றார். உள்ளே இருந்தது பிரெஞ்சு தொழில்நோய்ப் பட்டியலில் 42-ஆவது அட்டவணை. சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மை பற்றியது. எந்தெந்த வேலைகளுக்குப் பொருந்தும் என்ற வரிசையில் ஜெனரேட்டரும் இருக்கிறது.

படிக்கிறேன் என்று சொல்லி மேஜை இழுப்பறையில் வைத்தேன். பிப்ரவரியில் மகள் கல்யாணம். பிறகு ஆபீசில் கணக்கு முடிப்பு. அக்கா போனில் ஒருமுறை கேட்டாள். "பார்க்கிறேன்க்கா" என்றேன். 2010 ஜனவரியில் என் சொந்த ஓய்வூதியக் காகிதங்களைத் தேடும்போதுதான் அந்த உறை கையில் அகப்பட்டது. நின்றபடியே படித்தேன். சத்தத்தில் வேலை செய்வது நின்று ஒரு வருஷத்துக்குள் காதைப் பரிசோதித்துக் கேட்புக் குறைவைப் பதிந்திருக்க வேண்டும். 2009 ஏப்ரலோடு கெடு முடிந்திருந்தது. அவர் என் கையில் உறையைக் கொடுத்த அன்று இன்னும் நாலு மாதம் பாக்கி இருந்தது.

போன் செய்து சொன்னேன். கெடு தவறியவர்கள் ஒரு குழுவிடம் முறையிட வழி இருக்கிறது, நான் எழுதித் தருகிறேன் என்றேன். இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "விடு மச்சான், வயசாச்சு, காது போகாதா?" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த வருஷம் ரெயூனியன் தீவில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஓர்லியிலிருந்து இருவரும் போனார்கள். அக்கா சொன்ன கதை இது. விமானத்தில் ஏறும் பாலத்தில் வரிசை நின்றதாம். மாமா கண்ணாடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாராம். வண்டி இல்லை, புகை இல்லை. பாலத்திலிருந்து இறங்கிய கேபிள் விமானத்தின் வயிற்றில் செருகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் காதை மூடாமல் நிற்கிறான்.

"நீங்க பார்த்த வேலையா இது? சத்தமே கேட்கலையே!" என்றாளாம் அக்கா.

"எனக்கும்தான் கேட்கலை" என்று மாமா சிரித்தாராம்.

அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நண்பர்களே, உங்களை நம்பி யாராவது ஒரு காகிதத்தைக் கொடுத்தால், அன்றைக்கே பிரித்துப் பாருங்கள். முழுவதும் படிக்க நேரமில்லையென்றாலும் பரவாயில்லை. கடைசித் தேதியை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.