செவர்ன் கரையில் வூஸ்டர்

இங்கிலாந்தின் வூஸ்டரில் பேராலயத்துக்குக் கீழே, செவர்ன் ஆற்றங்கரையில் 'வாட்டர்கேட்' என்றொரு பழைய வாசல் இருக்கிறது. பெருவெள்ளங்கள் எட்டிய உயரத்தை அதன் சுவரில் கோடு கிழித்து, ஆண்டோடு பொறித்திருக்கிறார்கள். 1770, 1947 ஆண்டுக் கோடுகள் மிக உயரத்தில் நிற்கின்றன. ஆற்றின் எதிர்க்கரையில்தான் வூஸ்டர்ஷயர் கவுன்டி கிரிக்கெட் அணியின் நியூ ரோடு மைதானம். குளிர்காலத்தில் ஆறு பெருகினால் மைதானம் ஏரியாகிவிடும். தண்ணீர் வடிந்ததும் வண்டலை அள்ளி, புல்லைத் தேற்றி, ஏப்ரலுக்குள் களத்தை ஆயத்தப்படுத்த வேண்டும். 2007இல் கோடையிலேயே வெள்ளம் புகுந்ததால் ஆட்டங்களைக் கிடர்மின்ஸ்டருக்கு மாற்றினார்கள். ஆனாலும் இந்த இடத்தை விட்டுப் போக ஊருக்கு மனம் வரவில்லை. பேராலயக் கோபுரம் பார்த்திருக்க ஆடும் சுகம் வேறெங்கே கிடைக்கும்!

சட்டையில் மூன்று கறுப்புப் பேரிக்காய்களைச் சின்னமாக அணியும் இந்த அணி தொடங்கியது 1865இல். கவுன்டி சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது 1899இல். ஃபாஸ்டர் குடும்பத்துச் சகோதரர்கள் ஏழு பேரும் இதற்காக ஆடியதால் 'ஃபாஸ்டர்ஷயர்' என்றே பெயர் வந்தது. ஆஸ்திரேலியாவின் பிராட்மன் இங்கே 1930, 1934, 1938 மூன்று பயணங்களிலும் இரட்டைச் சதம் அடித்தார், 1948இல் 107. அணிக்கு முதல் சாம்பியன்ஷிப் பட்டம் கிடைக்க 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே இரண்டாவது. நம் அஸ்வினும் 2017இல் இந்த அணிக்காக 4 ஆட்டங்களில் 20 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு அணி இரண்டாம் பிரிவை வென்றது.

எனக்கு இந்த ஊரின் பெரும் பெருமை, பாசில் டி'ஒலிவெராவுக்கு அது இடம் கொடுத்ததுதான். கேப் டவுனில் பிறந்தவர். நிறவெறிச் சட்டத்தால் சொந்த நாட்டு அணியின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. 1960இல் இங்கிலாந்து வந்து லீக் ஆட்டங்களில் பெயரெடுத்து, பிறகு வூஸ்டர்ஷயரில் சேர்ந்தார். 1965 பட்டத்தில் அவர் பங்கு பெரிது. 1968 ஓவல் டெஸ்டில் இங்கிலாந்துக்காக 158 அடித்தும், தென்னாப்பிரிக்கா செல்லவிருந்த இங்கிலாந்து அணியில் முதலில் அவர் பெயர் இல்லை. அணியில் இருந்த கார்ட்ரைட் விலகியபின் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அவரை ஏற்க மறுத்தார், பயணமே ரத்தாயிற்று. 1970க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்கா டெஸ்ட் உலகுக்கு வெளியே நிற்க நேர்ந்ததில் அந்த முடிவுக்குப் பெரும் பங்குண்டு. பாசில் வூஸ்டரிலேயே தங்கிவிட்டார். மகன் டேமியன் அதே அணிக்கு ஆடினார். பேரன் பிரெட் 2022இல் அதன் தலைவரானார்.