மடைவாய்க் கழகமும் கடைமடைக் கழகமும்

குறுவை நாற்று நட்ட நஞ்சையில் வண்ணம் பூசிய மனைக்கற்கள் நிற்பதைத் தஞ்சையைச் சுற்றியுள்ள சாலைகளில் செல்வோர் யாவரும் காண்கின்றனர். நிலத்தை விற்ற குடும்பத்தின் கையில் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வரும் பெருந்தொகை சேருகின்றது. “எங்கே போட்டு வைக்கலாம், சாமி?” என்று நம்மிடம் யோசனை கேட்போர் பலர். விளையாட்டு அணியின் சட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயரைக் கண்ட மாத்திரத்திலேயே அதை நம்பிவிடுவோரும் அவர்களுள் உண்டு. அவர்களை எண்ணியே புனே நகரத்து வரலாறு ஒன்றைச் சொல்லத் துணிந்தோம்.

டி. எஸ். குல்கர்னி எளிய குடும்பத்தில் பிறந்தவர். அலுவலகத் தொலைபேசிகளைத் துடைத்து நறுமணமூட்டித் தரும் சிறு தொழிலில் தொடங்கி, வீடு கட்டி விற்கும் பெருந்தொழிலதிபராக உயர்ந்தார். அந்த உழைப்பை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அவருடைய குழுமம் ‘டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ்’ என்ற கால்பந்துக் கழகத்தை நடத்திற்று. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தோடு கூட்டுச் சேர்ந்து சிறுவர்களுக்கு உறைவிடப் பயிற்சிக்கூடமும் அமைத்தது.

கட்டிடக்காரருக்குப் பந்தெதற்கு என்று கேட்கலாம். ஸ்பெயின் நாட்டு ஹெசுஸ் கில் என்பவரின் வாழ்க்கை இதற்கு ஓரளவு விடை தரும். 1969-இல் அவருடைய குடியிருப்பு வளாகத்து உணவகம் இடிந்து 58 பேர் மாண்டனர். சிறை சென்று, மன்னிப்புப் பெற்று வெளிவந்த அவரையே 1987-இல் அத்லெட்டிகோ மாட்ரிட் கழகத்தார் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். 1996-இல் அக்கழகம் இரட்டைக் கோப்பை வென்றபோது இடிபாடுகளை நினைத்தவர் எத்தனை பேரோ! 2000-இல் கழகம் கீழ்ப்பிரிவுக்குச் சரிந்தது. 2003-இல் அவர் பதவி துறந்தார்.

புனேக்குத் திரும்புவோம். 2015-16-ஆம் ஆண்டு ஐ-லீக் போட்டியில் சிவாஜியன்ஸ் அணிக்குக் கீழ்ப்பிரிவு ஆடி முன்னேறும் தொல்லையின்றி நேரடியாக இடம் கிடைத்தது. பெருநிறுவனத்தின் அணியாதலால், தோற்றாலும் கீழிறக்கப்படாது என்ற சலுகையும் உண்டு. ஒன்பது அணிகளுள் அது ஒன்பதாவதாக வந்தது. ஆனால் கீழிறக்கப்பட்டதோ எட்டாவதாக வந்த மிசோரம் மாநிலத்து அய்ஸால் அணி! மடைவாயில் இருக்கும் வயலுக்கு முறைத்தண்ணீர் தப்புவதில்லை, காய்வது கடைமடைதான். நம் பகுதி உழவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கோவாக் கழகங்கள் சில விலகியதால் அய்ஸாலுக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. அடுத்த பருவத்திலேயே, 2017 ஏப்ரல் 30 அன்று, அந்த மலைநாட்டு அணி கொல்கத்தாவின் பேரணிகளையெல்லாம் பின்தள்ளி இந்தியாவின் வெற்றிவீரனாயிற்று. காலிது ஜமீல் அதன் பயிற்சியாளர். இதைப் படித்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சியை மறைப்பானேன்?

அதே ஆண்டு புனேயில் மடை அடைபட்டது. வைப்புத்தொகை திரும்பவில்லை என்று மக்கள் முறையிட, 2017 அக்டோபரில் வழக்குப் பதிவாயிற்று. 2017-18 தொடரில் சிவாஜியன்ஸ் அணி இல்லை. லிவர்பூல் பெயரைக் கேட்டு வீட்டைவிட்டு வந்த சிறுவர்கள் வேறு திடல் தேட வேண்டியதாயிற்று. 2018 பிப்ரவரியில் குல்கர்னி டெல்லியில் கைதானார். காவல்துறையின் குற்றப்பத்திரிகை குறித்த தொகை 2,043 கோடி ரூபாய். 2022-இல் அவர் பிணையில் வெளிவந்தார். குற்றம் உண்டா இல்லையா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை, நம்முடையதன்று.

ஆனால் பணம் போட்டவர்களுள் பலர் ஓய்வுபெற்ற முதியோர். மாத வட்டியில் மருந்து வாங்கியவர்கள். வங்கியைவிடச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்குமென்று தம் பணிக்கொடையைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். அவர்கள் நீதிமன்றத்தின் படியேறி நின்ற ஆண்டுகள், அந்த அணி பெரிய லீக்கில் ஆடிய இரண்டே பருவங்களைவிட மிக நீண்டவை.