சாராளின் பங்கு

மகனைப் பலியிடக் கூட்டிக்கொண்டு அதிகாலையில் கிளம்பிய ஆபிரகாம், சாராளிடம் சொன்னாரா? ஞாயிறு பள்ளியில் எழுந்த சந்தேகம். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் அவள் பெயரே இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "சொன்னா விடுவாளால?" என்றாள்.

அப்பா, ஊழியத்துக்கு அழைப்பு வந்ததென்று சர்க்கார் வேலையை விட்டவர். சபையில் சாட்சி சொல்லும்போது தான் இழந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்வார். அடகில் மூழ்கிப்போன அம்மாவின் வளையல்கள் அந்த வரிசையில் வந்ததில்லை.

வெகுகாலம் கழித்து ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரைப் பற்றிப் படித்தேன். ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர் விவசாயி. மாதா கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தவர். ஹிட்லரின் யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்தார். குடும்பத்தை நினைத்துப் பணிந்துபோகச் சொன்னார் மேற்றிராணியார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலையை வெட்டினார்கள். மூன்று பெண் குழந்தைகள். முதலில் கெஞ்சிய மனைவி ஃபிரான்சிஸ்கா, எல்லோரும் எதிர்த்தபோது கணவன் பக்கம் நின்றாள். ஊர் அவளைப் பழித்தது. 1950 வரை யுத்த விதவைக்கான உதவிப்பணம்கூடக் கிடைக்கவில்லை. 2007-இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது அவளுக்கு 94 வயது.

கடைசிக் கடிதத்தில் அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார். தன் கீழ்ப்படிதலில் அவளும் பலியாகிறாள் என்று தெரிந்தவர்.

அப்பாவின் விசுவாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. அந்த ஒரு வரியை அம்மாவிடம் அவர் சொல்லியிருக்கலாம்.