ஐவரில் ஒருவன்

2017ஆம் ஆண்டில், விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக் குழுவில் தமிழ்த்துறையின் சார்பாக நாம் அமர நேர்ந்தது. எதிரே நின்றவன் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். உயரம் ஆறடி நான்கு அங்குலம், மதிப்பெண்ணோ விளிம்பில். நன்கு படிக்கும் பிள்ளைக்குரிய இடத்தை உயரத்துக்குத் தாரை வார்ப்பதா என்று தயங்கினோம்.

உடற்கல்வி இயக்குநர் விடவில்லை. "ஐயா, கிரிக்கெட்டில் அவன் பதினொருவரில் ஒருவன், கூடைப்பந்தில் ஐவரில் ஒருவன். கணக்கு வேறு" என்றார். அரைமனத்துடன் கையெழுத்திட்டோம்.

அதுவரை நம் கல்லூரி அணி முதல் சுற்றிலேயே தோற்று, மதியச் சாப்பாட்டுக்குத் திண்டுக்கல் திரும்பிவிடும். அவ்வாண்டு மண்டல அரையிறுதி வரை சென்றது. ஆயினும் மாலையில் சிறுமலையைப் பார்த்தபடி பயிற்சியைக் கவனித்த நமக்கு ஒன்று உறுத்தியது. பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் வேடிக்கை பார்த்தனர். அதுவரை அணியின் நெட்டையனாயிருந்த தலைவன், நம் துறை இரண்டாமாண்டு மாணவன், இடமிழந்து வெளியே அமர்ந்தான். பிறகு பயிற்சிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டான். வகுப்பிலும் தலை நிமிரவில்லை.

அரையிறுதியில் புதியவன் ஐந்தாவது தவறு செய்து வெளியேற்றப்பட்டான். எஞ்சியோருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தோற்றோம்.

புறப்பொருள் வெண்பாமாலையின் தும்பைப் படலத்தில் 'எருமை மறம்' என்றொரு துறை உண்டு. தன் படை முதுகிட்டு ஓட, ஒருவன் மட்டும் பின்னே நின்று பகையைத் தாங்குவது. பல்லாண்டுகள் அதை வியந்து பாடம் நடத்தியிருக்கிறோம். அன்றுதான் அதன் மறுபக்கம் புலப்பட்டது. ஒருவன் தனித்து நிற்கிறான் என்றால், படை ஏற்கனவே உடைந்துவிட்டது என்று பொருள்.

திரும்பி வரும் பேருந்தில் இயக்குநர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கதையைச் சொன்னார். சொந்த உள்ளரங்கம்கூட இல்லாத அணி அது. பில் ரஸ்ஸல் என்ற கறுப்பின இளைஞருக்கு உதவித்தொகையோடு இடந்தர முன்வந்த ஒரே பல்கலைக்கழகமும் அதுதான். அவர் ஆடிய அணி 1955, 1956 ஆகிய ஈராண்டுகளும் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. தொடர்ந்து 60 ஆட்டங்களில் தோற்கவில்லை. வளையத்தின் கீழுள்ள தடத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தும்படி விதியே மாறியது.

ரஸ்ஸலின் பெரும்பலம் தடுப்பாட்டம். வளையத்தடியில் அவர் காவல் நிற்க, மற்றவர் அஞ்சாமல் முன்னேறிப் பந்தைப் பறித்தனர். அவர்களுள் கே.சி. ஜோன்ஸ் முதன்மையானவர். 1956 தேசியப் போட்டித் தொடரில் ஆட ஜோன்ஸுக்குத் தகுதி இல்லாது போயிற்று. அப்போதும் அணி வென்றது. 1954 டிசம்பரில் ஓக்லஹோமா நகர விடுதிகள் கறுப்பின வீரர்களுக்கு இடம் மறுத்தபோது, அணி முழுவதுமே மூடிக்கிடந்த கல்லூரி விடுதியொன்றில் சேர்ந்து தங்கியது. ஓர் அணி எங்கே உருவாகிறது என்பதற்கு நாம் அறிந்தவற்றுள் சிறந்த சான்று இதுவே.

நம் அண்டையிலும் ஒரு சான்று உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பின்தங்கிக் கிடந்த மதுரை அணி, கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி சேர்ந்த 2018இல் பட்டம் வென்றது. இறுதியில் தோற்றது நம் திண்டுக்கல் அணி! ஓவருக்கு ஐந்து ஓட்டங்களுக்கும் குறைவாகவே அவர் கொடுத்தார். ஒருமுனையில் அவர் இறுக்க, மறுமுனையில் பிறருக்கு வழி திறந்தது.

மறுநாள் பழைய தலைவனை அழைத்துப் பேசினோம். "எனக்கு அங்கே என்னங்க ஐயா வேலை?" என்று கேட்டான். அவ்வேலையை இயக்குநர் உருவாக்கினார். உயரத்தை நம்பி வளையத்தடியில் நின்றவன் பந்தைக் கொண்டுசெல்லவும், பிரித்துக் கொடுக்கவும் பழகினான். புதியவனோ புள்ளி சேர்ப்பதைக் குறைத்து, தவறிவரும் பந்தைப் பிடித்து ஓடுவோருக்கு வீசக் கற்றான். மாலைகளில் பயிற்சி முடிந்ததும் அவனுக்கு நாம் பகுதி ஒன்று தமிழ் சொல்லிக் கொடுத்தோம். நிலுவைத் தாளில் 46 வாங்கினான்.

அடுத்த ஆண்டு மண்டல இறுதியில் அவன் எடுத்தவை எட்டே புள்ளிகள். வென்றோம். கோப்பையைத் தலைவன் அவன் கையில் கொடுக்க, அவன் கூச்சத்துடன் அதைத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் படிப்பு முடித்துச் சென்றபின் நம் அணி பழைய நிலைக்குச் சரியும் என்றே எண்ணினோம். சரியவில்லை, அடுத்து நடந்த போட்டியிலும் அரையிறுதி கண்டது. ஒருவன் வந்ததன் பயனை அவன் போனபின்தான் அளக்க முடியும் போலும்.

இன்று அவன் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியன். சென்ற மாதம் கல்லூரிக்கு ஒரு நெட்டைப் பையனை அழைத்து வந்தான். மதிப்பெண் பட்டியலை நீட்டியபோது நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இம்முறை நாம் தயங்கவில்லை.