தண்ணீர் ஏறியது, விலை ஏறவில்லை

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து வடகிழக்கே 250 கிலோமீட்டர் போனால் ரென்மார்க். வழியெல்லாம் செம்மண், குட்டையான யூகலிப்டஸ் புதர்கள். ஆண்டு மழையே ஏறத்தாழ 250 மில்லிமீட்டர்தான். முர்ரே ஆறு தென்பட்டதும் நிலம் பச்சையாகிவிடுகிறது. ஆற்றையொட்டி, கம்பியில் படரவிட்ட திராட்சை வரிசைகள். ரிவர்லேண்ட் என்ற இந்தப் பகுதியில்தான் அந்நாட்டின் ஒயின் திராட்சை மிக அதிகமாக விளைகிறது.

கலிபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகள் அமைத்த சாஃபி சகோதரர்கள் ஜார்ஜும் வில்லியமும் 1887ல் இங்கே வந்து, நீராவி எஞ்சினால் ஆற்று நீரை மேட்டுக்கு ஏற்றினார்கள். அவர்கள் கம்பெனி சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. 1893ல் ஏற்பட்ட ரென்மார்க் பாசன டிரஸ்ட் இன்றும் தோட்டங்களுக்குத் தண்ணீர் விடுகிறது.

தண்ணீரோடு வில்லங்கமும் வந்தது. இங்கே நிலத்தடி நீர் உப்பு. வாய்க்கால் பாய்ச்சலில் கசிந்த நீர் அந்த உப்பை ஆற்றுக்குத் தள்ளியது. இப்போது வாய்க்கால் இருந்த இடத்தில் குழாய், தோட்டத்தில் பெரும்பாலும் சொட்டுநீர். அதோடு விட்டுவிடவில்லை. ஆற்றோரம் கிணறுகள் போட்டு, உப்புநீர் ஆற்றில் சேருமுன்பே இறைத்து, தொலைவிலுள்ள பள்ளங்களில் ஆவியாக விடுகிறார்கள். சொட்டுநீர் போட்டதும் கவலை தீர்ந்தது என்றிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இது.

இங்கே நிலம் வேறு, தண்ணீர் உரிமை வேறு. உரிமையைத் தனியே விற்கலாம், ஒரு பருவத்துக்கு மட்டும் கொடுக்கலாம். 2008-09 வறட்சியில் 100 லிட்டர் உரிமை உள்ளவருக்குக் கிடைத்தது 18 லிட்டர்தான். கொடியைக் காப்பாற்ற விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கியவர்கள் உண்டு. தண்ணீர் உரிமையை விற்றுவிட்டு 5 ஆண்டு பாசனம் செய்யாதிருக்கும் சிறு விவசாயிக்கு 1,50,000 டாலர் வரை தருவதாக அரசு சொன்னது. சம்மதித்தவர்கள் வீட்டில் இருந்துகொள்ளலாம், தோட்டம்தான் இராது.

தாக்குப்பிடித்தவர்களுக்கு அடுத்த அடி சந்தையில். ஆஸ்திரேலிய ஒயினுக்குப் பெரிய வாடிக்கையாளரான சீனா 2020 கடைசியில் கூடுதல் வரி போட்டது. 2021ல் அது 218% வரை போனது. 2024 மார்ச்சில் வரி நீங்கியும் சிவப்பு ஒயின் தொட்டிகளில் தேங்கிக் கிடந்தது. ஷிராஸ், கேபர்நே திராட்சைக்குச் சாகுபடிச் செலவுகூடக் கட்டாத விலை.

பிப்ரவரி, மார்ச் இரவுகளில், பழம் சூடேறுமுன் அறுவடை இயந்திரங்கள் விளக்குப் போட்டு வரிசை வரிசையாகப் போகின்றன. விலை படியாத தோட்டங்கள் சிலவற்றில் அவை நுழைவதில்லை. பழம் கொடியிலேயே வற்றுகிறது.