ஆண்டையும் ஆண்டவரும்

மாங்காட்டில் நாங்கள் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போது அடிக்கடி எழும் கேள்வி இது: "ராஜாக்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த சனம் நாம். சாமியையும் ஏன் ராஜா என்று கும்பிட வேண்டும்?"

நியாயமான கேள்வி. நம் மொழியிலேயே அந்த முள் இருக்கிறது. 'கோ' என்றால் அரசன், அவன் இல்லம் கோயில். கத்தோலிக்கர்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். 'ஆண்டவர்' என்றால் ஆள்பவர். அதே வேரில் வந்த இன்னொரு சொல் 'ஆண்டை'. தஞ்சை வயல்களில் நம் பாட்டன் பூட்டன் கைகட்டி நின்று நிலக்காரரை அழைத்த சொல் அது.

ஆனால் பைபிளுக்கே அரசர்கள் மேல் சந்தேகம் உண்டு, தோழர்களே. சாமுவேல் முதல் நூல், 8ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். மக்கள் அரசன் வேண்டும் என்கிறார்கள். 'உங்கள் பிள்ளைகளை வேலை வாங்குவான், நல்ல நிலங்களைப் பிடுங்குவான், கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமையாவீர்கள்' என்று சாமுவேல் எச்சரிக்கிறார். பண்ணை வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இயேசுவுக்கு அரசர் பட்டம் எங்கே கிடைத்தது? சிலுவையில். 'யூதர்களின் அரசன்' என்று தலைக்குமேல் மாட்டியது ரோமாபுரி எழுதிய குற்றப்பத்திரிகை. முள்முடி, சிப்பாய்கள் செய்த கேலி. அதிகாரம் அவமானப்படுத்திக் கொன்ற ஒருவரையே அரசர் என்று அறிவித்தால், கொன்ற அதிகாரத்துக்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

கிறிஸ்து அரசர் பெருவிழா அவ்வளவு பழையதல்ல. முசோலினி இத்தாலியை ஆண்டுகொண்டிருந்த 1925இல் போப் பதினோராம் பயஸ் அதை ஏற்படுத்தினார். ஆட்சியாளர்களே, உங்களுக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார் என்பது அதன் செய்தி.

அந்தச் செய்தி திருச்சபைக்கும் பொருந்தும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித்துகளைப் பிரித்துவைக்கச் சுவர் எழுப்பினார்கள். அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008இல் சாதி மோதல் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. இரண்டு தரப்பும் கும்பிட்டது ஒரே அரசரைத்தான்.

கடவுளை அரசர் என்பது ஒன்று சாதிக்கு முட்டுக்கொடுக்கும், இல்லையென்றால் சாதியைத் தீர்ப்பிடும். கடவுள்தான் அரசர் என்றால் ஊரில் வேறு ஆண்டை கிடையாது. எனவே, விழா எடுக்கும் பங்கில் போய்க் கேளுங்கள்: தேர் சேரித் தெருவுக்குள் வருமா? கல்லறை ஒன்றா, இரண்டா? பதில் வரும்வரை கேளுங்கள்.

ஜெய்பீம்.