கல் எடை போக

ஆயாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் நகைகளைப் பாயில் பரப்பிப் பங்கு பிரித்தார்கள். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் என் இரண்டு மாமாக்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். சங்கிலி பெரிய மாமாவுக்கு, வளையல் நான்கும் சின்ன மாமாவுக்கு. "பொண்ணுக்குத்தான் கல்யாணத்துலயே போட்டு அனுப்பிட்டமே" என்றார் பெரிய மாமா. கடைசியில் ஒரு பித்தளை மோதிரம் மிச்சம் கிடந்தது, பச்சைக் கல் பதித்தது. "அம்மா ஞாபகமா நீ வெச்சுக்க" என்று கொடுத்தார்கள். அம்மா அழுதபடி வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கல் ரங்கூனிலிருந்து வந்தது. 1964 மார்ச்சில் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. தாத்தாவின் மளிகைக் கடையும் பெட்டியில் இருந்த பணமும் இரண்டே மாதத்தில் போயின. மறுவருஷம் கப்பலேறும்போது பெண்களின் காது, மூக்கு, கழுத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள் என்று ஆயா சொல்வாள். அவள் முன்கூட்டியே தங்க மோதிரத்திலிருந்து கல்லைப் பெயர்த்துப் பித்தளையில் பதித்து, அடுப்புக்கரி தேய்த்துப் போட்டுக்கொண்டாள். சோதித்தவன் கண்ணாடி என்று விட்டுவிட்டான்.

கள்ளக்குறிச்சிக்கு வந்து ஆயா இட்லிக் கடை போட்டாள். பாயில் கிடந்த தங்கமெல்லாம் அந்த இட்லியில் வந்ததுதான். மாமாக்கள் படிப்புக்கும் கிணறு வெட்டவும் அது அடகுக் கடைக்குப் போய்ப் போய்த் திரும்பியது. மோதிரத்தையும் ஒருமுறை கொண்டுபோனாளாம். கடைக்காரர் தராசில்கூட வைக்கவில்லை. அடகுச் சீட்டைப் பார்த்திருப்பீர்கள்: மொத்த எடை, கல் எடை, நிகர எடை. நம் ஊர்க் கணக்கில் கல் என்பது கழிக்க வேண்டிய ஒன்று.

நான் சேலத்தில் நிலவியல் படித்தேன். இப்போது கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் ஆசிரியை. பிள்ளைகள் ஓடையிலிருந்து பச்சையாக எதையாவது பொறுக்கி வந்து "இது மரகதமா மிஸ்?" என்று கேட்பார்கள். எங்கள் மலை பெரும்பாலும் சார்னோக்கைட், கடும் வெப்பத்தில் உருவான பாறை. ஜேடைட் அப்படி உருவாவதில்லை. கடலடித் தட்டு இன்னொரு தட்டின் கீழ் செருகும் இடத்தில், வெப்பம் குறைவாகவும் அழுத்தம் மிக அதிகமாகவும் இருந்தால்தான் அது பிறக்கும். பர்மாவின் கச்சின் பகுதியில் உள்ள பாகாண்ட் அப்படிப்பட்ட இடம்.

இத்தனை படித்தவள் ஆயா விரலில் இருந்ததை ஒருநாளும் கழற்றிப் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

கல்லைப் பித்தளையிலிருந்து எடுத்துக்கொண்டு, படித்த கல்லூரிக்கே போனேன். மேல்பக்கம் மேடாக உருட்டி மெருகேற்றிய கல்; பட்டை கிடையாது. கபோஷான் என்பார்கள். காற்றில் 2.34 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டபோது 0.70 கிராம் குறைந்தது. வகுத்தால் 3.34. கண்ணாடி 2.5-ஐ ஒட்டி வரும். 'இந்திய ஜேட்' என்று விற்கிறார்களே அந்த அவென்சுரின், 2.65; ஜேடிலேயே இன்னொரு வகையான நெஃப்ரைட் 3-க்குச் சற்றுக் கீழே. ஒளிவிலகல் எண் 1.66. இரண்டும் சேர்ந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

ஆனால் ஜேடைட் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கிணறுதான். அமிலத்தில் ஊறவைத்து அழுக்கைப் போக்கி, உண்டான இடுக்குகளில் பிளாஸ்டிக் போன்ற பிசினைச் செலுத்திப் பளபளப்பாக்கிய கல்லை வியாபாரத்தில் 'பி' என்கிறார்கள். சாயம் ஏற்றியது 'சி'. மேலே மெழுகு பூசியதைத் தவிர எதுவும் செய்யாதது 'ஏ'. சாயமென்றால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நிறம் விரிசல்களில் தேங்கி நிற்பது பெரும்பாலும் தெரியும். ஆயாவின் கல்லில் அப்படி இல்லை. பச்சை, மணிகளுக்குள்ளேயே இருந்தது. பிசின் நிரப்பும் வித்தை 1980-களில்தான் பரவியது. இந்தக் கல் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டது. அந்தச் சரித்திரம் எனக்குப் போதும், வாங்குகிறவருக்குப் போதாது. பிசினை உறுதியாகக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு நிறமாலை வேண்டும். ஜெய்ப்பூரில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். இயற்கை ஜேடைட், செயற்கை மாற்றத்துக்கான அடையாளம் இல்லை என்று அறிக்கை வந்தது. விலை அதில் எழுத மாட்டார்கள்.

விலையை எதைவைத்துச் சொல்வது? காலை வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன் (கடையின் மஞ்சள் விளக்கில் எந்தப் பச்சையும் அழகுதான்). நல்ல பசுமை, ஆனால் ஓர் ஓரத்தில் வெள்ளை படர்ந்திருக்கிறது. ஒளி பாதி ஆழம்தான் இறங்குகிறது. அடியில் முடிபோல ஒரு கீறல். கோடிகளில் பேசப்படும் கல் அல்ல. கோடிகளில் பேசப்பட்டதும் உண்டு: 1933-இல் பார்பரா ஹட்டன் என்ற அமெரிக்கச் செல்வந்தப் பெண்ணுக்குக் கல்யாணச் சீராக அவள் அப்பா கொடுத்த 27 மணி ஜேடைட் மாலை, 2014-இல் ஹாங்காங்கில் 2 கோடியே 74 லட்சம் டாலருக்குப் போனது. அப்பா கல்யாணத்தில் போட்டு அனுப்புவது அங்கேயும் உண்டு போல.

முதலீடாக ஒன்று வாங்கலாமா என்று கேட்ட தோழிகளுக்கு வேண்டாம் என்றே சொன்னேன். தங்கத்துக்கு இருப்பதுபோல் இதற்கு அன்றாட விலைப் பலகை இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் தனி விலை, வாங்குகிறவர்கள் ஹாங்காங்கிலும் சீனாவிலும். இன்னொன்று, 2020 ஜூலை 2-ஆம் தேதி பாகாண்டில் சுரங்க மண்மேடு சரிந்து, கல் பொறுக்கப் போனவர்கள் 170 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஆயாவின் கல்லை யார் தோண்டினார்களோ.

வெள்ளிமலையில் எங்கள் பள்ளிச் சமையலக்கா மோதிரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. கூலியில்லாமல் அங்கே வேலைக்குப் போன அம்மாவுக்குப் பிறந்தவள். "இத அடகு வெக்க முடியுமா டீச்சர்?" என்றாள். முடியாது என்றேன். "அதான் உங்க ஆயாகிட்டயே இருந்திருக்கு."

ஜெய்ப்பூர் அறிக்கையைப் பற்றி நான்தான் உளறியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாமாக்களும் வந்துவிட்டார்கள். "அம்மா சொத்துல மூணு பேருக்கும் பங்கு இருக்கில்ல" என்றார் சின்ன மாமா. சட்டப்படி அவர் சொன்னது சரி. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொந்தச் சொத்து கணவன் இல்லாதபோது மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகிறது. நகையும் சொத்துதான். நான் பேச வாயெடுத்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்தாள். மோதிரத்தை நடுவில் வைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"சரிண்ணா. சங்கிலியும் வளையலும் எடுத்தாங்க. எல்லாத்தையும் ஒண்ணா வெச்சு மூணாப் பிரிச்சுக்கலாம்."

அடுத்த வாரம் வருகிறோம் என்று போனார்கள். நான்கு மாதம் ஆகிறது. அம்மா மோதிரத்தைக் கழற்றாமலேயே பாத்திரம் தேய்க்கிறாள். ஜேடைட் எளிதில் உடையாது, தாங்கும். பித்தளைதான் விரலைப் பச்சையாக்குகிறது. வெள்ளியில் பதித்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.